பெயர் பட்டியலில் இருக்கிறதா? முதல் ஓட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சட்டமன்றத் தேர்தல் நாளன்று காலைச் செய்திகளில் தவறாமல் ஒரு காட்சி வரும். வாக்காளர் அட்டையை உயர்த்திப் பிடித்தபடி ஒருவர் வாக்குச்சாவடி வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். "அட்டை இருக்கு, போன தடவை ஓட்டுப் போட்டேன், இப்போ பேர் இல்லைன்னா எப்படி?" அவர் கோபம் நியாயமானதுதான், ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. அட்டை நீங்கள் யார் என்பதைக் காட்ட மட்டுமே. ஓட்டுரிமை இருப்பது பட்டியலில். பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துபோயிருந்தால் ஓட்டுப் போட வழி உண்டு. அட்டை இருந்து பெயர் இல்லையென்றால் அன்றைக்கு முதலமைச்சரே வந்து சொன்னாலும் வழி இல்லை.

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலில் முதல் முறை ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கும், வீடு மாறியவர்களுக்கும், கல்யாணமாகி ஊர் மாறியவர்களுக்கும் இந்த வழிகாட்டி. பூத்துக்குள் ஆகும் நேரம் இரண்டு நிமிடம். அதற்கு முந்தைய வேலைதான் அதிகம் என்பதால் அதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசப் போகிறோம்.

யாருக்கு ஓட்டு, எந்தத் தேதிக் கணக்கில்?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பதிவு செய்யும் முகவரியில் வசிக்க வேண்டும். 1989 வரை வயது வரம்பு 21 ஆக இருந்தது. அரசியல் சாசனத்தின் 61-வது திருத்தம்தான் அதை 18 ஆக்கியது.

18 என்பதைத் தேர்தல் நாளில் கணக்கிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதற்கென்று 'தகுதி நாள்' உண்டு. முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். ஜனவரி 2-ல் பிறந்தவர் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு நாட்கள் உண்டு. தேர்தலுக்குப் பயன்படும் பட்டியல் எந்தத் தகுதி நாளை வைத்துத் தயாரானதோ, அந்த நாளில் உங்களுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுப்பதிவுக்கு முந்தைய வாரம் பிறந்தநாள் கொண்டாடியவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இருக்காது.

17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அவருக்கு 18 ஆனதும் வரும் தகுதி நாளை ஒட்டி விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கோடை விடுமுறை இதற்கு ஏற்ற காலம். கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ்களெல்லாம் எப்படியும் கைக்கு எட்டும் இடத்தில்தானே இருக்கும்.

ஊரா, சென்னையா?

தமிழ்நாட்டில் பாதிக் குழப்பம் இங்கேதான். தென்காசிப் பக்கம் சொந்த ஊர், வேலை சோழிங்கநல்லூரில். ஊரில் அப்பா பெயரில் வீடு இருக்கிறது, பொங்கலுக்குப் போகிறோம், வருகிறோம். ஓட்டு எங்கே?

சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: சாதாரணமாக எங்கே வசிக்கிறீர்கள்? ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே அங்கே வசிப்பதாக ஆகிவிடாது என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போயிருந்தால் ஊர் ஓட்டு போய்விடாது. வருடக்கணக்கில் சென்னையிலேயே குடித்தனம் என்றால் ஓட்டும் சென்னைக்கு வருவதுதான் முறை. என் அபிப்பிராயம், தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நீங்கள் யாரிடம் போய் நிற்பீர்களோ, அந்தத் தொகுதியில் ஓட்டு இருப்பது நல்லது.

இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பதிவு. வேறெங்கும் பெயர் இல்லை என்று விண்ணப்பத்தில் உறுதிமொழி தருகிறீர்கள். அது பொய்யென்றால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கோ அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ இடமுண்டு.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பெற்றோர் வீட்டு முகவரியையோ விடுதி முகவரியையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விடுதி என்றால் கல்வி நிறுவனத்தில் படிப்பதற்கான சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடற்றவர்களுக்கும் ஓட்டு உண்டு. மேம்பாலத்துக்கு அடியிலோ கோயில் வாசலிலோ தூங்குகிறவர் அந்த இடத்தையே குறிப்பிடலாம். அலுவலர் இரவில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்வார். முகவரிக்கு ஆவணம் கேட்கக் கூடாது.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இந்தியக் குடியுரிமையை விடவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் படிவம் 6ஏ மூலம் பதியலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு.

படிவம் 6: எங்கே கைதவறும்?

புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. இணையத்தில் என்றால் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அல்லது செல்போன் செயலியில் நிரப்பலாம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் பக்கத்தில் இருந்தால் வேலை சுலபம். காகிதத்தில் என்றால் தாலுகா அலுவலகத்திலோ, மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ, உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தரலாம். இந்த அலுவலரை எல்லோரும் பி.எல்.ஓ. என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். பட்டியல் திருத்தக் காலங்களில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிப் பள்ளியிலேயே சிறப்பு முகாம் நடக்கும். முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு நான் முகாமைத்தான் பரிந்துரைப்பேன். ஏதாவது விட்டுப்போனால் எதிரில் இருப்பவர் உடனே சொல்லிவிடுவார். படிவத்துக்கோ அட்டைக்கோ கட்டணம் கிடையாது.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், குடிநீர், மின்சார அல்லது கேஸ் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், நிலம் உள்ளவர்களுக்கு வருவாய்த் துறை ஆவணம் இவற்றில் ஒன்று. வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வீட்டு உரிமையாளர் பெயரில் உள்ள ஈ.பி. பில் உங்களுக்கு உதவாது. பில் உங்கள் பெயரிலோ, அதே முகவரியில் வாக்காளராக உள்ள உங்கள் குடும்பத்தார் பெயரிலோ இருக்க வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தமும் பதிவு செய்யாததால் ஏற்கப்படாது. வாடகைக்கு இருப்பவர்கள் ஆதாரிலோ வங்கிக் கணக்கிலோ முகவரியை மாற்றிவிட்டு வருவதே குறுக்கு வழி. எந்த ஆவணமும் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், அப்போது அலுவலர் நேரில் வந்து விசாரிப்பது கட்டாயமாகும். ஆதார் எண் தருவது விருப்பம் சார்ந்தது. அது இல்லை என்பதற்கும் படிவத்திலேயே இடம் உண்டு.

நிஜமாகவே கவனிக்க வேண்டியது பெயர். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. குடும்பப் பெயருக்கான கட்டத்தைப் பார்த்ததும் அப்பா பெயரை அங்கே எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டம் கட்டாயமில்லை, காலியாக விடலாம். அப்பா, அம்மா, கணவர், மனைவி இவர்களில் ஒருவர் பெயருக்குத் தனி இடம் கீழே வருகிறது. அடுத்தது எழுத்துப்பிழை. இணையத்தில் ஆங்கில எழுத்தில் பெயரைத் தட்டினால் கணினி தானே தமிழில் ஒன்றை எழுதிக் காட்டும். அதற்கு ரகர றகர வித்தியாசம் தெரியாது, ழகரம் சுத்தமாகத் தெரியாது. கனிமொழி 'கனிமோலி' ஆவதும் அழகர் 'அலகர்' ஆவதும் இப்படித்தான். தமிழ்ப் பெட்டியை நீங்களே திருத்திவிட்டு அடுத்த பக்கம் போங்கள். பின்னால் திருத்த இன்னொரு படிவம், இன்னொரு விசாரணை என்று அலைய வேண்டியிருக்கும்.

பாலினத்தில் மூன்றாம் பாலினத்தவருக்கும் கட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் அதற்கான இடத்தை நிரப்புவது முக்கியம். வாக்குச்சாவடியில் சக்கர நாற்காலி, சாய்தளம், வீட்டிலிருந்தே ஓட்டு எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன.

விண்ணப்பித்த பிறகு

குறிப்பு எண் ஒன்று கிடைக்கும், அதை வைத்து நிலையை இணையத்தில் பார்க்கலாம். யாராவது ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம் தரப்படும். பி.எல்.ஓ. வீட்டுக்கு வருவார், அல்லது போனில் அழைப்பார். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் காவலாளியிடம் சொல்லி வையுங்கள். "அப்படி யாரும் இங்க இல்லை" என்று வாசலிலேயே முடிந்துபோன விண்ணப்பங்கள் நகரங்களில் ஏராளம்.

முடிவு எடுப்பவர் வாக்காளர் பதிவு அலுவலர். நிராகரித்தால் 15 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், மேல்முறையீடு செய்யலாம். சென்னையில் மாநகராட்சி ஆணையர் அந்த இடத்தில் இருக்கிறார். அங்கும் சரிவராவிட்டால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். ஏற்கப்பட்டால் அட்டை தபாலில் வரும். மூன்று எழுத்தும் ஏழு எண்ணும் சேர்ந்த எண் அதில் இருக்கும். 2021 ஜனவரி முதல் மின்னணு அட்டையையும் தரவிறக்கம் செய்துகொள்ள முடிகிறது.

எப்போது வரை விண்ணப்பிக்கலாம்? வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரையும் சேர்க்க முடியாது. பரிசீலனைக்கு நாள் வேண்டும் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்று ஆணையம் சொல்கிறது. கூட்டணி முடிவாகி, வேட்பாளர் பட்டியல் வெளியாகி, வீட்டில் அரசியல் சூடுபிடிக்கும்போதுதான் பலருக்கு இந்த நினைப்பே வரும். அதற்குள் கதவு பாதி மூடியிருக்கும்.

வீடு மாறினால், பெயர் காணாமல் போனால்

ஏற்கெனவே எங்காவது வாக்காளராக இருப்பவர் புதிதாகப் படிவம் 6 போடக் கூடாது. அவருக்கு உரியது படிவம் 8. அதே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்குப் போனாலும் இதே படிவம்தான். பெயர், வயது, புகைப்படத் திருத்தத்துக்கும், தொலைந்த அட்டைக்கு மாற்று வாங்கவும் இதுவே. கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிறந்த வீட்டுப் பட்டியலில் பெயர் அப்படியே கிடக்க, புகுந்த வீட்டில் புதிதாக விண்ணப்பித்தால், கணினி இரண்டையும் ஒப்பிட்டு 'இரட்டைப் பதிவு' என்று காட்டும். சில சமயம் எந்தப் பதிவு உண்மையோ அதுவே நீக்கப்படும்.

இறந்தவர் பெயரை எடுக்கவும், தகுதியில்லாத பெயருக்கு ஆட்சேபம் சொல்லவும் படிவம் 7. தாத்தா இறந்து மூன்று வருடமாகியும் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்றால், அதைச் சொல்ல வேண்டியது வீட்டார்தான். கள்ள ஓட்டுக்கு அப்படிப்பட்ட பெயர்கள்தான் வசதி.

2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த விஷயத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவந்தது. ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களும் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பித் தர வேண்டியிருந்தது. டிசம்பர் 19-ல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் அதற்கு முன் இருந்த பெயர்களில் சுமார் 97 லட்சம் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. இந்த நடவடிக்கை சரியா என்ற அரசியல் சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் இருங்கள். அதோடு, உங்கள் பெயரையும் வீட்டிலுள்ள வயதானவர்கள் பெயரையும் இன்றைக்கே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இணையத்தில் அட்டை எண்ணைக் கொடுத்தால் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வரும். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பெயர் இல்லையென்றால், தகுதியுள்ளவர் மீண்டும் படிவம் 6 போட்டுச் சேரலாம்.

ஓட்டுக்கு முந்தைய வாரம்

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு பி.எல்.ஓ. பூத் சிலிப் கொண்டுவந்து தருவார். கட்சிக்காரர்களும் ஒன்று தருவார்கள். பாகம் எண், வரிசை எண், சாவடி முகவரி தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போடும் வசதி 2019-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை. அது இல்லாதவர் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, அரசு மற்றும் பொதுத்துறை நிறுவனப் பணியாளர் அட்டை போன்ற ஒன்றைக் காட்டலாம். முழுப் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையம் வெளியிடும். கடந்த தேர்தல்களின் பட்டியலில் ரேஷன் ஸ்மார்ட் கார்டு இல்லை. தமிழ்நாட்டில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் முதலில் நீட்டுவோம் என்பதால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேட்பாளர்கள் யார் என்று தெரிந்துகொள்ள நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அது ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கும்படி இருக்கும். கூட்டத்தில் கேட்டதைவிட அந்தச் சில பக்கங்களில் சுவாரசியம் அதிகம்.

இதே வாரத்தில்தான் கவரும் வரும். தமிழ்நாட்டில் எழுதப்படும் தேர்தல் வழிகாட்டி இதைப் பேசாமல் நகர்ந்தால் அது நேர்மையாக இருக்காது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம், இரண்டுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. பண விநியோகம் காரணமாக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அப்படியே. புகார் சொல்ல 'சி-விஜில்' என்ற செயலி இருக்கிறது. படமோ வீடியோவோ எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. "பணம் வாங்கிட்டேன், சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன்" என்று கலங்கும் பாட்டிகள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்பது கொடுத்தவருக்குத் தெரிய வழியே இல்லை.

கட்சி அனுப்பும் ஆட்டோவிலும் ஏற வேண்டாம். வேட்பாளர் தரப்பு வாக்காளரை இலவசமாக ஏற்றிச் செல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டியது முதலாளியின் கடமை. தனியார் கடைக்கும் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

பூத்துக்குள்: வாசல் முதல் பட்டன் வரை

தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு பொதுவாகக் காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 6 வரை நடக்கும். 2021-ல் கொரோனா காரணமாக 7 மணி வரை நீட்டித்தார்கள். முடியும் நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் போதும். கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்துவிடுவார்கள், இரவானாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவீர்கள். வெயிலுக்குப் பயந்தால் காலை முதல் மணி நேரத்தில் போங்கள். ஆனால் அந்த யோசனை ஊருக்கே வரும்.

செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் பிரசாரம் கூடாது. கட்சிச் சின்னம் பொறித்த துண்டு, பேட்ஜ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஆண், பெண் வரிசைகள் தனித்தனி. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே முதல் மேஜையில் இருக்கும் அலுவலர் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்து, அடையாள ஆவணத்தைச் சரிபார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். எதற்கு ஊருக்கே கேட்கும்படி படிக்கிறார் என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்டுகளுக்காகத்தான். அவர்களிடமும் பட்டியல் இருக்கும். அந்தப் பகுதிக்காரர்கள் என்பதால் ஆள்மாறாட்டம் நடந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டாம் அலுவலர் பதிவேட்டில் உங்கள் விவரத்தை எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார். இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மைசூரில் கர்நாடக அரசுக்குச் சொந்தமான வண்ணத் தொழிற்சாலையில் 1962 முதல் தயாராகிவரும் மை இது. வெள்ளி நைட்ரேட் கலந்திருப்பதால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நகம் வளர்ந்து வெளியேறும் வரை சில வாரங்கள் தங்கும். பிறகு ஒரு சிறு சீட்டுத் தருவார். மூன்றாம் அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு தன்னிடம் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பட்டனை அழுத்துவார். அப்போதுதான் மறைப்புக்குள் இருக்கும் வாக்குப்பதிவுக் கருவி உங்களுக்காகத் திறக்கும், அதில் பச்சை விளக்கு எரியும்.

வேட்பாளர் வரிசை பற்றி ஒரு சொல். முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. பெயர், புகைப்படம், சின்னம் மூன்றும் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று சுயேச்சைகளை நிறுத்திக் குழப்புவது நம் ஊர்ப் பழைய வித்தை என்பதால், பெயரோடு சின்னத்தையும் படத்தையும் பாருங்கள். ஒரு கருவியில் 16 பட்டன்கள். பட்டியல் அதற்கு மேல் நீண்டால் இரண்டு, மூன்று கருவிகள் அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். காகிதச் சீட்டு காலத்தில், 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடித்தார்கள்.

எல்லோருக்கும் கடைசியில் நோட்டா. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வெற்றி பெற்றவர், மறுதேர்தல் கிடையாது. அது தெரிந்து அழுத்துவது உங்கள் விருப்பம்.

சின்னத்துக்கு எதிரே உள்ள நீலப் பட்டனை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு எரியும். அவசரப்பட்டு நகராதீர்கள். பக்கத்தில் உள்ள ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சிட்ட சீட்டு ஏழு விநாடி தெரியும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழும். நீளமாக 'பீப்' கேட்கும். அந்தச் சீட்டு கைக்கு வராது, கேட்கவும் கூடாது. இன்னொரு முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அடுத்தவருக்கு அலுவலர் திறந்துவிடும் வரை கருவி பூட்டியே இருக்கும்.

உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்

2018-ல் வந்த 'சர்க்கார்' படத்துக்குப் பிறகு '49-பி' என்றால் தமிழ்நாட்டில் ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரியும். தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள அந்த விதி சொல்வது இதுதான்: உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டார் என்றால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் கேள்விகள் கேட்டு நீங்கள்தான் அசல் ஆள் என்று திருப்தியடைந்தால், இயந்திரத்துக்குப் பதில் காகித வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார். அதில் முத்திரை குத்தித் தந்தால் தனி உறையில் வைப்பார். படத்தில் சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டு வழக்கமான எண்ணிக்கையில் சேராது. வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்து, வழக்கு நீதிமன்றம் போனால்தான் அதற்கு வேலை வரும். 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு, மொடக்குறிச்சியில் 281. அந்த மாதிரித் தொகுதியில் அந்த உறை வெறும் காகிதம் அல்ல. அதனால் "போனது போகட்டும்" என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, நீங்கள் அந்த ஆள் இல்லை என்று ஏஜென்ட் ஒருவர் ஆட்சேபிக்கலாம். அதற்கு அவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் நீங்கள் ஓட்டுப் போடலாம். ஒப்புகைச் சீட்டில் வேறு சின்னம் வந்ததென்றால் எழுத்துமூலம் புகார் தரலாம். அலுவலர், ஏஜென்ட்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டு ஒன்று போட வைப்பார்கள். புகார் பொய்யென்று தெரிந்தால் உங்கள் மீதே நடவடிக்கை வரும்.

வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு

85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். படிவம் 12டி-யை அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும். குறுகிய அவகாசம்தான், எனவே பி.எல்.ஓ.வை முன்பே பார்த்துச் சொல்லி வையுங்கள். ஒரு குழு வீட்டுக்கு வந்து, ரகசியம் கெடாமல் தபால் ஓட்டாக வாங்கிக்கொண்டு போகும். இதற்குச் சம்மதித்தவர் பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போக முடியாது.

பார்வையில்லாதவர்களுக்குக் கருவியில் பிரெய்ல் எழுத்து உண்டு. தனியாக முடியாதவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். ஒருவர் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணையாகலாம். தெருவில் உள்ள பத்துப் பாட்டிகளையும் ஒரே கட்சிக்காரர் கூட்டிக்கொண்டு உள்ளே போவதைத் தடுக்கத்தான் இது.

தேர்தல் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், போலீஸாருக்குத் தபால் ஓட்டு வசதி உண்டு. உறுதிமொழிப் படிவத்தில் யார் சான்றொப்பம் இட்டார் என்பதைக் கவனியுங்கள். 2016-ல் இராதாபுரத்தில் 49 ஓட்டில் வெற்றி தீர்மானமானது. தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகளை நிராகரித்தது செல்லுமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019-ல் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவானது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்தாண்டு பதவிக்காலமே அதற்குள் ஓடிவிட்டது.

எண்ணிக்கையும் அடுத்த தேர்தலும்

எண்ணும் நாளில் முதலில் தபால் ஓட்டுகளை எடுப்பார்கள். தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஒப்புகைச் சீட்டுகளை இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். முடிவில் சந்தேகம் உள்ள வேட்பாளரோ வாக்காளரோ 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரலாம். ஆம், வாக்காளரும் தொடரலாம்.

ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களை நடத்துவது வேறு அமைப்பு, தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அதற்கும் அடிப்படை இதே சட்டமன்றப் பட்டியல்தான். வார்டுவாரியாகப் பிரிக்கும்போது உங்கள் வாக்குச்சாவடி மாறக்கூடும், வரிசை எண்ணும் மாறும். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துக்கே நேராகப் போய் நிற்காமல், அந்தத் தேர்தலுக்கு முன்பும் ஒருமுறை பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.